டாக்டர் கிரீனைப் பற்றி ஊராரோடு பேச ஒரு சிறுநல்கை: சங்கச் செயலாளருக்கு விரிவான பதில்

மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் வூஸ்டர் நகருக்கு அருகே இயங்கும் ஒரு சிறிய தமிழ்ச் சங்கத்தின் செயலாளர் கேட்டிருப்பதன் சாரம் இது. பொங்கல் விழா, தமிழ்ப் பள்ளி என்று நடந்துவரும் அவர்களுடைய சங்கம், யாழ்ப்பாணத்தில் தமிழ்வழியாக மேலை மருத்துவம் கற்பித்த டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீனைப் பற்றி ஊர்ப் பொது நூலகத்தில் ஒரு நிகழ்ச்சி நடத்த விரும்புகிறது. கிரீன் வூஸ்டரில் பிறந்தவர், அங்கேயே அடக்கமானவர். இத்தகைய நிகழ்ச்சிகளுக்கு மாநில ஹியூமானிட்டிஸ் கவுன்சில்கள், அதாவது மானுடப் புலக் கவுன்சில்கள், சிறு நல்கைகள் வழங்குவதாகக் கேள்விப்பட்டோம், எங்களைப் போன்ற சங்கத்துக்கும் அது கிடைக்குமா, எதைப் பார்த்துக் கொடுக்கிறார்கள், வரவு செலவுத் திட்டத்தை எப்படிப் போடுவது என்று அவர் கேட்கிறார்.

கிடைக்கும். உங்கள் கையில் இருக்கும் பொருள் இந்த நல்கைகளுக்கு மிகவும் ஏற்றது. ஆனால் நம் சங்கங்கள் பலவும் விழாவுக்கு நன்கொடை கேட்கும் பழக்கத்தில் இந்த விண்ணப்பத்தையும் எழுதிவிடுகின்றன. கவுன்சில் விழாவுக்குப் பணம் தருவதில்லை. ஊரார் ஒரு கேள்வியோடு வந்து அமர்ந்து, அதை அறிந்தவர்களோடு சேர்ந்து ஆராய்வதற்கே அது பணம் தருகிறது. இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் விண்ணப்பத்தின் மற்ற பகுதிகள் பெரும்பாலும் நேராகிவிடும்.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் விதிகளில் பாதி அங்கிருந்துதான் பிறக்கின்றன. 1965 செப்டம்பர் 29 அன்று அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட சட்டம் ஒன்றின்வழி இரண்டு கூட்டாட்சி நிறுவனங்கள் உருவாயின. ஒன்று கலைகளுக்கானது, மற்றொன்று வரலாறு, மொழி, இலக்கியம், மெய்யியல் முதலான மானுடப் புலங்களுக்கானது. பின்னதன் பெயர் நேஷனல் என்டோமென்ட் ஃபார் த ஹியூமானிட்டிஸ், அதை என்.இ.எச். என்று சுருக்கமாகச் சொல்வார்கள். வாஷிங்டனில் இருந்துகொண்டு ஒவ்வொரு சிற்றூரின் தேவையையும் அறிய முடியாது என்பதால், 1970களின் தொடக்கத்திலிருந்து மாநிலந்தோறும் தனித்தனிக் கவுன்சில்கள் அமைக்கப்பட்டன. இன்று 50 மாநிலங்கள், கொலம்பியா மாவட்டம், ஐந்து ஆட்சிப் பகுதிகள் எனச் சேர்த்து 56 கவுன்சில்கள் உள்ளன. பெயரைப் பார்த்து இவற்றை அரசு அலுவலகங்கள் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். இவை தமக்கென நிர்வாகக் குழு வைத்துள்ள, இலாப நோக்கற்ற தனி அமைப்புகள். எனவே தொகையின் உச்ச வரம்பு, விண்ணப்பிக்கும் மாதம், படிவத்தின் வடிவம் எல்லாம் கவுன்சிலுக்குக் கவுன்சில் மாறும். நியூ ஜெர்சியில் உள்ள நண்பர் சொன்ன விதியை மாசச்சூசெட்ஸில் நம்பக் கூடாது. சிறுநல்கை என்று சொல்லப்படுபவை பெரும்பாலும் சில நூறு டாலரிலிருந்து சில ஆயிரம் டாலர் வரை இருக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். 2025 ஏப்ரல் தொடக்கத்தில் என்.இ.எச். மாநிலக் கவுன்சில்களுக்கு அளித்துவந்த நல்கைகளைத் திடீரென ரத்து செய்தது. பல கவுன்சில்கள் தாம் வழங்கும் சிறுநல்கைகளை நிறுத்திவைத்தன, ஊழியர்களைக் குறைத்தன. மெலன் அறக்கட்டளை 56 கவுன்சில்களுக்கும் சேர்த்து 1.5 கோடி டாலர் அவசர உதவி அறிவித்தது. நிதியை நிறுத்தியதை எதிர்த்த வழக்கில் அதே ஆண்டு ஆகஸ்டில் ஒரிகன் மாநிலத்துக் கூட்டாட்சி நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. இதனால் உங்களுக்கு நேரும் விளைவு ஒன்றுதான்: ஓராண்டுக்கு முன் பதிவேற்றிய வழிகாட்டிக் குறிப்பை வைத்துக்கொண்டு எழுதத் தொடங்காதீர்கள். கவுன்சிலின் நல்கை அலுவலரை முதலில் தொலைபேசியில் அழைத்து, இந்த விண்ணப்பச் சுற்று திறந்திருக்கிறதா, பணம் கூட்டாட்சி நிதியிலிருந்து வருகிறதா அல்லது மாநில நிதியிலிருந்தோ தனியார் அறக்கட்டளையிலிருந்தோ வருகிறதா என்று கேளுங்கள். கூட்டாட்சிப் பணமாக இருந்தால்தான் நான் கீழே சொல்லப்போகும் கணக்கு விதிகள் முழு வீச்சில் பொருந்தும். அந்த அலுவலர்கள் விண்ணப்பதாரர்களோடு பேசுவதைத் தம் வேலையின் ஒரு பகுதியாகவே கருதுகிறார்கள். நம்மவர்கள் ஏனோ தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று தயங்கி, கடைசி நாள் இரவில் படிவத்தை அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறார்கள்.

அடுத்தது, எது மானுடப் புலத்தில் அடங்கும் என்பது. 1965ஆம் ஆண்டுச் சட்டமே ஒரு பட்டியல் தருகிறது: பழைய, புதிய மொழிகள், மொழியியல், இலக்கியம், வரலாறு, சட்டவியல், மெய்யியல், தொல்லியல், சமய ஒப்பியல், அறவியல், கலைகளின் வரலாறும் திறனாய்வும் கோட்பாடும், இவற்றோடு மானுட நோக்கில் அணுகப்படும் சமூக அறிவியல் பகுதிகள். இதில் கலைகள் இடம்பெறவில்லை, கலைகளின் வரலாறும் திறனாய்வும்தான் இடம்பெற்றிருக்கின்றன. சங்கங்கள் சறுக்கும் இடம் இதுவே. ஒரு பரதநாட்டிய நிகழ்ச்சிக்கு மானுடப் புல நல்கை கேட்டால் கிடைக்காது. அதற்கு மாநிலக் கலைக் கழகம் இருக்கிறது. சதிர் என்ற பெயரில் இசை வேளாளர் குலப் பெண்கள் ஆடிவந்த ஆட்டம் 1930களில் எவ்வாறு பரதநாட்டியம் என்று பெயர் மாறி மேட்டுக்குடி மேடைக்கு வந்தது, 1947ஆம் ஆண்டின் சென்னை தேவதாசி ஒழிப்புச் சட்டம் அப்பெண்களின் வாழ்வை என்ன செய்தது என்று ஓர் ஆய்வாளர் விளக்க, இடையிடையே பதம் என்னும் நடன உருப்படிகள் இரண்டு ஆடிக் காட்டப்பட்டு, பிறகு அவையோர் கேள்வி கேட்கிறார்கள் என்றால் அது இங்கே பொருந்தும். ஆட்டம் அதேதான், நிகழ்ச்சியின் மையம் வேறு.

சமயத்துக்கும் இதே அளவுகோல். சமய ஒப்பியல் சட்டத்திலேயே இருக்கிறது. வழிபாடும் பரப்புரையும் கிடையாது. திருவாசகம் முற்றோதலுக்குப் பணம் வராது. திருவாசகத்தை ஜி.யு. போப் ஏன் மொழிபெயர்க்க விரும்பினார் என்ற உரையாடலுக்கு வரலாம். அரசியல் பக்கச் சார்பு, ஒரு சட்டத்தை ஆதரித்தோ எதிர்த்தோ ஆள் திரட்டுவது, நிதி திரட்டும் விருந்து ஆகியவற்றுக்கும் இடமில்லை.

இனி, உங்கள் பொருளுக்கு வருவோம். கிரீன் 1822இல் பிறந்தார். 1847இல் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்து, அங்குள்ள மானிப்பாயை மையமாகக் கொண்டு மருத்துவப் பணி செய்தார். இடையில் சில ஆண்டுகள் ஊர் திரும்பியது போக, 1873 வரை அங்கே இருந்தார். ஆங்கில மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார், கலைச்சொற்கள் உருவாக்கினார், பின்னாளில் மாணவர்களுக்குத் தமிழ்வழியிலேயே மருத்துவம் கற்பித்தார். 1884இல் இறந்தபோது, அவர் விருப்பப்படியே, தமிழருக்கு மருத்துவ ஊழியராகப் பணியாற்றியவர் என்ற பொருள்பட அவருடைய கல்லறைக் கல்லில் பொறிக்கப்பட்டது. இவ்வளவையும் எழுதிவிட்டு, இத்தகைய மாமனிதரை நினைவுகூர்வதே எங்கள் நோக்கம் என்று முடித்தீர்களானால் விண்ணப்பம் தோற்கும். மதிப்பீட்டுக் குழுக்களில் அமர்ந்து இத்தகைய பல விண்ணப்பங்களைப் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நினைவுகூர்தல் ஒரு கேள்வி ஆகாது. குழுவில் இருப்பவர் தேடுவது, இரு பக்கமும் அறிவார்ந்த மனிதர்கள் நின்று பேசக்கூடிய ஒரு கேள்வியை.

அது உங்கள் பொருளுக்குள்ளேயே இருக்கிறது. கிரீன் வெறும் மருத்துவர் மட்டும் அல்லர். மாசச்சூசெட்ஸில் 1810இல் தோன்றிய அமெரிக்க மிஷன் சங்கம் அனுப்பிய மிஷனரி. அச்சங்கத்தார் 1816 முதல் யாழ்ப்பாணத்தில் பள்ளிகளும், 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி என்ற உயர்கல்விக் கூடமும் தொடங்கியிருந்தார்கள். கிரீன் பிறந்த அதே 1822இல்தான் நல்லூரில் ஆறுமுக நாவலர் பிறந்தார். மிஷன் பள்ளியில் படித்து, பைபிள் மொழிபெயர்ப்பில் துணைநின்று, பின்னர் அதே மிஷனரிகள் கையாண்ட அச்சுத் தொழிலையும் உரைநடையையும் பள்ளி முறையையும் எடுத்துக்கொண்டு சைவத்தின் பக்கம் நின்று அவர்களை எதிர்த்தவர் அவர். தமிழில் மருத்துவம் கற்பித்தது தமிழுக்குச் செய்த கொடையா, மதமாற்றத்துக்குத் திறந்த வாசலா, அல்லது பெற்றுக்கொண்டவர்கள் அதைத் தம் விருப்பப்படி வேறொன்றாக்கிக்கொண்டார்களா? இந்தக் கேள்விக்கு உங்கள் சங்கத்துக்குள்ளேயே மூன்று விடைகள் இருக்கும். கிறிஸ்தவக் குடும்பத்தார் ஒன்று சொல்வர், சைவக் குடும்பத்தார் வேறொன்று சொல்வர், சித்த மருத்துவப் பரம்பரையில் வந்தவர் மூன்றாவது ஒன்று சொல்வர். வூஸ்டரின் தேவாலயத்துக்காரர்களுக்கும் சொல்ல ஒன்று இருக்கும். அந்த வேறுபாடுகளை மூடி மறைக்காமல் விண்ணப்பத்தில் எழுதுங்கள். உங்களுக்கு அது சங்கடமாகத் தோன்றலாம். படிப்பவருக்கு அதுவே பணம் தரத் தகுந்த காரணம்.

அறிந்தவர் யார் என்பதை அடுத்துக் கேட்பார்கள். பெரும்பாலான கவுன்சில்கள் குறைந்தது ஒரு மானுடப் புல அறிஞரேனும் திட்டத்தில் பங்குபெற வேண்டும் என்று எதிர்பார்க்கின்றன. முன்பு அது பல்கலைக்கழகப் பேராசிரியர் என்றே பொருள்பட்டது. இப்போது பல இடங்களில், ஒரு சமூகத்தின் வரலாற்றையோ மரபறிவையோ ஆழமாக அறிந்த மூத்தோரையும் ஏற்கிறார்கள். உங்கள் நிகழ்ச்சிக்கு இருவர் வேண்டும் என்று நினைக்கிறேன். ஒருவர் மிஷன் வரலாற்றையோ மருத்துவ வரலாற்றையோ ஆய்ந்தவர். அந்த மிஷன் சங்கத்தின் ஆவணங்கள் ஹார்வர்டின் ஹௌட்டன் நூலகத்தில் இருப்பதால் அவற்றில் வேலை செய்த ஆய்வாளர்கள் உங்கள் பக்கத்திலேயே கிடைப்பார்கள். மற்றவர் மானிப்பாய் மருத்துவமனையைத் தம் குடும்ப நினைவின்வழி அறிந்த ஈழத்தமிழர் ஒருவர். இருவரிடமும் ஒரு பக்கக் கடிதம் வாங்கி இணையுங்கள். வர இசைகிறேன் என்ற ஒற்றை வரி போதாது. எதைப் பற்றிப் பேசுவார், எவ்வளவு நேரம், முன்கூட்டியே என்ன தயாரிப்பார், எவ்வளவு மதிப்பூதியம் என்று அக்கடிதம் சொல்ல வேண்டும். மதிப்பூதியம் வேண்டாம் என்று பேச்சாளர் பெருந்தன்மையாகச் சொன்னாலும் அவர் உழைப்பின் மதிப்பைக் கணக்கில் காட்டுங்கள். அது ஏன் என்று வரவு செலவுப் பகுதியில் விளங்கும்.

பொதுமக்களுக்குத் திறந்திருத்தல் என்ற நிபந்தனையைத்தான் எல்லாரும் எளிதாகக் கடந்துபோகிறார்கள், அதனால் இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். அனைவரும் வருக என்று அழைப்பிதழின் அடியில் அச்சிட்டுவிட்டால் நிகழ்ச்சி பொதுவாகிவிடாது. உறுப்பினர் வாட்சாப் குழுவில் மட்டும் செய்தி போகிறது, அரங்கில் பேச்சு முழுவதும் தமிழில் நடக்கிறது, முன்வரிசை நிர்வாகிகளுக்கு ஒதுக்கப்படுகிறது, முதல் நாற்பது நிமிடம் வரவேற்புரையிலும் பொன்னாடையிலும் கழிகிறது என்றால், நூலகத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த ஒருவர் தற்செயலாக உள்ளே வந்தாலும் ஐந்து நிமிடத்தில் எழுந்து போய்விடுவார். கவுன்சிலின் பணம் அவரையும் உட்காரவைப்பதற்கானது. ஆகவே அவர் யார், எப்படிக் கேள்விப்படுவார், வந்தபின் அவருக்கு என்ன புரியும் என்பதை நீங்கள் எழுதியாக வேண்டும்.

உங்கள் ஊரில் இதற்கான வழிகள் தெளிவாக இருக்கின்றன. வூஸ்டரில் கிரீன் ஹில் பூங்காவை அறியாதவர் இல்லை. அது கிரீன் குடும்பம் 1905இல் நகரத்துக்குக் கொடுத்த நிலம். சாமுவேலின் உடன்பிறந்தவரான ஆண்ட்ரூ ஹாஸ்வெல் கிரீன், நியூயார்க்கின் சென்ட்ரல் பூங்கா உருவாக உழைத்து, 1898இல் ஐந்து பகுதிகளும் இணைந்து இன்றைய நியூயார்க் மாநகரம் பிறக்கக் காரணமாக இருந்தவர் என்று உள்ளூர் வரலாற்று ஆர்வலர்களுக்குத் தெரியும். அவருக்கு யாழ்ப்பாணத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்த ஓர் உடன்பிறப்பு இருந்தார் என்பது அவர்களில் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கும். எனவே உள்ளூர் வரலாற்றுச் சங்கத்தின் மடலில் ஓர் அறிவிப்பு, பூங்காவின் அறிவிப்புப் பலகையில் ஒரு சுவரொட்டி, நகரிலேயே உள்ள மருத்துவக் கல்லூரியில் செவிலியர், மருத்துவ மாணவர்களுக்கு ஓர் அழைப்பு, 1812 முதல் அந்நகரில் இயங்கும் அமெரிக்கத் தொல்பொருள் கழகம் என்ற ஆய்வு நூலகத்தின் வாசகர்களுக்கு ஒரு மின்னஞ்சல் என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி எழுதலாம். இவர்களில் ஒருவரையாவது விண்ணப்பத்துக்கு முன்பே கண்டு பேசி, இணைந்து நடத்த இசைவுக் கடிதம் பெற்றுவிட்டால் விண்ணப்பத்தின் தரமே வேறு. நூலகத்தை இடம் தருபவராக மட்டும் வைத்துக்கொள்ளாமல் திட்டமிடும் கூட்டத்துக்கும் நூலகரை அழையுங்கள். எந்த நாள் மாலையில் எந்த வயதினர் வருவார்கள் என்பதை உங்களைவிட அவர் நன்கு அறிவார்.

மொழியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். தமிழில் பேசுவதற்கு எந்தத் தடையும் இல்லை, இருமொழி நிகழ்ச்சிகளைக் கவுன்சில்கள் விரும்பி ஆதரிக்கின்றன. பேச்சு ஆங்கிலத்தில் நடந்து, கிரீனின் மருத்துவ நூலிலிருந்து ஒரு பத்தி தமிழில் வாசிக்கப்பட்டு, அதன் ஆங்கில ஆக்கம் திரையில் ஓடலாம். யாழ்ப்பாணத்துப் பாட்டி ஒருவர் தமிழில் நினைவுகூர, பக்கத்தில் ஒருவர் மொழிபெயர்க்கலாம். சக்கர நாற்காலியில் வருபவர் நுழைய வழி உண்டா, காது கேளாதோருக்கு உடனடி எழுத்துரை உண்டா என்பதையும் கேட்பார்கள். 1973ஆம் ஆண்டின் மறுவாழ்வுச் சட்டத்தின் 504ஆம் பிரிவு கூட்டாட்சிப் பணம் பெறும் ஒவ்வொருவரையும் இதற்குக் கட்டுப்படுத்துகிறது. நுழைவுக் கட்டணம் வைக்காதீர்கள்.

ஊர் முழுவதும் திரள்வதற்கு ஒரு நல்ல மாதிரி உங்கள் மாநிலத்திலேயே உள்ளது. 1852 ஜூலை 5 அன்று, அடிமைமுறையை எதிர்த்துப் போராடிய ஃபிரெடரிக் டக்ளஸ், அடிமைக்கு அமெரிக்க விடுதலை நாளான ஜூலை நான்காம் நாள் என்னவாகப் படும் என்று கேட்டு ரோச்செஸ்டரில் ஆற்றிய உரையை, மாசச்சூசெட்ஸின் பல ஊர்களில் ஆண்டுதோறும் பொதுவிடத்தில் கூடி மக்களே மாறிமாறி வாசிக்கிறார்கள். மாஸ் ஹியூமானிட்டிஸ் என்ற உங்கள் மாநிலக் கவுன்சில் இதற்குச் சிறுநல்கைகள் தந்துவந்திருக்கிறது. அதில் மேடை கிடையாது. வரிசையில் நின்று ஆளுக்கொரு பத்தி வாசிக்கிறார்கள், பிறகு பேசுகிறார்கள். கிரீனின் கடிதங்களை நீங்களும் இப்படிச் செய்யலாம். ஒரு பத்தியை மருத்துவ மாணவி வாசிக்க, அடுத்ததைத் தமிழ்ப் பள்ளிப் பையன் வாசிக்கட்டும். மூன்று உரைகளை அடுத்தடுத்து வைப்பதைவிட இது மேல் என்பது என் துணிபு.

விண்ணப்பத்தின் தொடக்கப் பத்தி எப்படி இருக்கலாம் என்று காட்டுகிறேன். ஆங்கிலத்தில் எழுத வேண்டியது இது, கருத்தின் ஓட்டத்தை மட்டும் பாருங்கள்: “கிரீன் ஹில் பூங்காவில் நடக்கும் வூஸ்டர் மக்களுக்கு, அங்கே இருந்த வீட்டில் பிறந்த ஒரு மருத்துவர் தம்மைத் தமிழரின் ஊழியர் என்று கல்லறையில் குறித்துக்கொண்டது தெரியாது. வூஸ்டரில் இன்று வாழும் தமிழர் பலருக்கு, தம் முன்னோருக்குத் தமிழில் மேலை மருத்துவம் கற்பித்தவர் தாம் வாழும் நகரத்தவர் என்பது தெரியாது. இவ்விரு சாராரும் ஒரே அறையில் அமர்ந்து, கிரீனின் கடிதங்களையும் அவர் கால யாழ்ப்பாணத்துச் சைவர்களின் மறுப்புகளையும் சேர்த்து வாசித்து, ஒருவருடைய மொழியில் அவருக்கு மருத்துவம் சொல்வது எப்போது உதவி, எப்போது ஆதிக்கம் என்று ஆராய்வார்கள். அக்கேள்வி இன்று இந்நகரத்து மருத்துவமனைகளில் மொழிபெயர்ப்பாளருக்காகக் காத்திருக்கும் ஒவ்வொரு நோயாளிக்கும் உரியது.” கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். மானுடப் புலங்கள் நிகழ்கால வாழ்வுக்கு எவ்வாறு பொருந்துகின்றன என்பதையும் 1965ஆம் ஆண்டுச் சட்டம் தன் வரையறைக்குள் சேர்த்திருக்கிறது. படிப்பவர் அதைத் தேடுவார்.

வரவு செலவுக்கு வருவோம். நீங்கள் 2,000 டாலர் கேட்பதாக வைத்துக்கொள்வோம். இரு அறிஞர்களுக்குத் தலா 400 டாலர் மதிப்பூதியம், உரையாடலை நடத்துபவருக்கு 200, பயணம் 200, உடனடி எழுத்துரைக்கு 350, வாசிப்புப் பகுதிகளை அச்சிட 250, சுவரொட்டிக்கும் விளம்பரத்துக்கும் 200 என்றால் சரியாக 2,000 வரும். கூட்டாட்சிப் பணத்திலிருந்து வரும் நல்கைக்குப் பல கவுன்சில்கள் டாலருக்கு டாலர் ஈடு கேட்கும், அதாவது அவர்கள் தரும் ஒவ்வொரு டாலருக்கும் உங்கள் பக்கமிருந்து ஒரு டாலர் பெறுமானம். உங்கள் சங்கக் கணக்கில் 2,000 டாலர் இல்லையே என்று இந்த இடத்தில் பலர் திரும்பிப் போய்விடுகிறார்கள். ஈடு ரொக்கமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தன்னார்வலர் உழைப்பும், இலவசமாகக் கிடைத்த இடமும் கருவியும் ஈடாகும். இன்டிபென்டென்ட் செக்டார் என்ற அமைப்பு தன்னார்வ உழைப்பின் மணிநேர மதிப்பை ஆண்டுதோறும் அறிவிக்கிறது. 2023ஆம் ஆண்டுக்கு அது 33.49 டாலர். எட்டுப் பேர் சேர்ந்து மொத்தம் 45 மணி நேரம் உழைத்தால் 1,507.05 டாலர் ஆயிற்று. நூலக அரங்கின் வாடகைத் தள்ளுபடி 300, உறுப்பினர் ஒருவர் தரும் ஒலி, ஒளிக் கருவிகளின் வாடகை மதிப்பு 200. மொத்தம் 2,007.05. ஈடு முடிந்தது.

இதில் சில நுட்பங்கள் உண்டு. தொழில்முறை மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இலவசமாக மொழிபெயர்த்துத் தந்தால் அவருடைய வழக்கமான கட்டணத்தை மதிப்பாகக் காட்டலாம். அவரே நாற்காலி அடுக்கினால் பொது மணிநேர மதிப்புதான். அவையில் அமர்ந்து கேட்டவர்களின் நேரம் ஈடாகாது. வேறொரு கூட்டாட்சி நல்கையிலிருந்து வந்த பணமும் ஆகாது. மதிப்பூதியத்தை விட்டுக்கொடுத்த பேச்சாளரின் 400 டாலர் ஈடாகும். முன்பு சொன்னதன் காரணம் இதுவே. ஒவ்வொருவரும் தேதி, செய்த வேலை, நேரம் எழுதிக் கையெழுத்திட ஒரு தாளை முதல் கூட்டத்திலிருந்தே வைத்துக்கொள்ளுங்கள். நிகழ்ச்சி முடிந்து இரண்டு மாதம் கழித்து நினைவிலிருந்து எழுதும் கணக்கு தணிக்கையில் நிற்காது.

நல்கைப் பணத்தில் செலவிடக் கூடாதவற்றையும் முன்கூட்டியே பிரித்துவிடுங்கள். மதுவுக்குக் கிடையாது, உணவுக்குப் பெரும்பாலும் கிடையாது. பொன்னாடை, நினைவுப் பரிசு, மலர்மாலை எல்லாம் நம் மரியாதை முறைகள்; அவற்றைச் சங்கப் பணத்திலிருந்து தாராளமாகச் செய்யுங்கள், இந்தத் திட்டத்தின் கணக்கில் எழுதாதீர்கள். மிக முக்கியமாக, நல்கை ஒப்பந்தத்தில் குறித்த தொடக்க நாளுக்கு முன் செய்த செலவைத் தரமாட்டார்கள். சுவரொட்டியை ஆர்வத்தில் முன்னமே அச்சடித்துவிட்டால் அந்த 200 டாலர் உங்களுடையதுதான். எனவே விண்ணப்பக் கடைசி நாளுக்கும் நிகழ்ச்சி நாளுக்கும் இடையே முடிவு அறிவிக்கவும் ஒப்பந்தம் கையெழுத்தாகவும் போதிய வாரங்கள் இருக்கும்படி நாளைத் தேர்ந்தெடுங்கள்.

தாள்கள் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வருமான வரித் துறை தந்த நிறுவன எண், இலாப நோக்கற்ற அமைப்பு என்று வரிவிலக்கு அளிக்கும் 501(சி)(3) அங்கீகாரக் கடிதம், கூட்டாட்சி நிதியாயின் அதைப் பெறும் அமைப்புகளுக்கான யு.இ.ஐ. என்ற அடையாள எண் ஆகியவை வேண்டும். இந்த எண் 2022 ஏப்ரலில் பழைய டன்ஸ் எண்ணுக்கு மாற்றாக வந்தது. இலவசம், ஆனால் சங்கத்தின் சட்டப் பெயரும் முகவரியும் மாநிலப் பதிவோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனால்தான் விரைவில் கிடைக்கும். நம் சங்கங்களில் ஆண்டுதோறும் பொறுப்பாளர்கள் மாறுவதால், பதிவு முகவரி பழைய பொருளாளர் ஒருவரின் வீடாக இருப்பதும் அவர் வேறு மாநிலம் போயிருப்பதும் வழக்கம். விண்ணப்பத்துக்கு இரண்டு மாதம் முன்பே இதைச் சரிபாருங்கள். அங்கீகாரக் கடிதம் இன்னும் வரவில்லை என்றால் நூலகத்தின் நண்பர்கள் குழுவோ வரலாற்றுச் சங்கமோ உங்கள் சார்பில் நிதிப் பொறுப்பேற்று விண்ணப்பிக்கலாம். முதல் முறைக்கு அதுவே நல்லதும்கூட. கணக்கைக் கையாளப் பழகியவர்கள் அவர்கள்.

நல்கை கிடைத்தபின் அழைப்பிதழ், சுவரொட்டி, காணொளி எல்லாவற்றிலும் கவுன்சிலின் சின்னமும், இங்கே வெளிப்படும் கருத்துகள் என்.இ.எச். நிறுவனத்தின் கருத்துகளாகக் கொள்ளப்படா என்ற அறிவிப்பும் இருக்க வேண்டும். எத்தனை பேர் வந்தார்கள் என்பதோடு, சங்கத்துக்கு வெளியிலிருந்து எத்தனை பேர் என்பதையும் எண்ணுங்கள். வெளியேறும்போது நிரப்ப மூன்றே கேள்விகள் கொண்ட ஓர் அட்டை கொடுங்கள். அதில் ஒன்று, இன்று உங்கள் மனத்தில் என்ன மாறியது என்பதாக இருக்கட்டும். அந்த அட்டைகளிலிருந்து எடுத்த நான்கு வரிகள், இறுதி அறிக்கையில் நீங்கள் எழுதும் நான்கு பக்கங்களைவிடப் பயன்படும். ரசீதுகளை மூன்றாண்டு வைத்திருங்கள். மானிப்பாய் நினைவுகளைச் சொல்லும் பெரியவர்களைப் பதிவு செய்வதானால், பதிவுக்கு முன்பே தமிழில் எழுதிய இசைவுப் படிவத்தில் கையெழுத்து வாங்குங்கள். அது எங்கே வைக்கப்படும், யார் கேட்கலாம் என்பதை அவர்கள் அறிந்து இசைய வேண்டும். பதிவின் ஒரு படியை நூலகத்தின் உள்ளூர் வரலாற்றுப் பிரிவில் சேர்ப்பது பற்றி நூலகரோடு பேசுங்கள்.

முதல் முறை மறுத்துவிட்டால், மதிப்பீட்டாளர்களின் குறிப்புகளைத் தருமாறு எழுதிக் கேளுங்கள். பல கவுன்சில்கள் தரும். பெரும்பாலும் பொருளைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அறிஞரின் பங்கு தெளிவாக இல்லை, வெளியார் எப்படி வருவார்கள் என்று தெரியவில்லை என்ற இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். அவ்விரண்டையும் திருத்தி அடுத்த சுற்றில் அதே நிகழ்ச்சிக்கு மீண்டும் விண்ணப்பிக்கலாம். வரைவை எழுதி முடித்ததும், கடைசி நாளுக்கு நான்கு வாரம் முன்பாக நல்கை அலுவலருக்கு அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு முன் தமிழே அறியாத உங்கள் அண்டை வீட்டார் ஒருவரிடம் முதல் பத்தியைக் கொடுத்து, இந்த நிகழ்ச்சிக்கு வருவீர்களா என்று கேளுங்கள். அவர் தயங்கினால் எந்த இடத்தில் தயங்கினார் என்று கேட்டு, அந்த இடத்தைத் திருத்தியபின் அலுவலருக்கு அனுப்புங்கள்.